கெலிக்கிற வரைக்கும்

தாளப்பள்ளத்துச் சடுகுடு செட்டைப் பற்றி இன்றைக்கு யாரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும், அது நியாயம்தான். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறத்தியார் கடலைக்காய் மூட்டையை முதுகில் சுமந்து பிழைப்பைத் தொடங்கி, கடத்தூரில் சொந்தமாக எண்ணெய் மில் வைத்தவன். சடுகுடுவும் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. ஆனால் அந்தச் செட்டுக்கு என்னைவிடப் பெரிய சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள்கூடக் களத்தில் இறங்கி ஆடியதில்லை. மாரப்பன் என்று பெயர். அவரைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் அச்சுக்காரர் பார்த்துக்கொள்வார்.

மாரப்பனுக்கு எங்கள் ஊர் ஏரிக்கு மேற்கே ஒரு துண்டு மானாவாரி நிலம். மழை வந்தால் கேழ்வரகும் அவரையும் விளையும், வராவிட்டால் கல் விளையும். மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். தீர்த்தன் என்று ஒரே மகன். எனக்கு அவர் மாமா முறை.

எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் சித்திரையில் சடுகுடு ஆட்டம் தொடங்கும். ஓர் ஊர் இன்னோர் ஊருக்கு வெற்றிலை பாக்கு அனுப்பும். அந்த ஊர் பாக்கை எடுத்துக்கொண்டால் ஆட்டத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். இப்படி ஆடி ஆடிக் கழித்து, மிஞ்சுகிற இரண்டு ஊர்களும் ஆடிப் பதினெட்டு அன்று கடத்தூர் ஏரிக்குள் மோதும். ஏரியில் அப்போது சொட்டுத் தண்ணீர் இருக்காது. கெலித்த ஊருக்கு ஒரு கிடா. எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு ஒரு செட்டு, மீசை முளைக்காதவர்களுக்குச் சின்ன செட்டு என்று இரண்டு இருந்தன. முப்பதுகளில் இரண்டுமே தோற்பதற்கென்றே போய்வந்தன. கடைசி ஆட்டம் வரைக்கும் போனதே அபூர்வம். போன வருடங்களிலும் கிடாயைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பியதோடு சரி.

தோற்கிற ஊரின் பாக்கைக் கொண்டுபோக யாருக்கு மனசு வரும்? போகிற ஊரிலெல்லாம் கேலி பேசுவார்கள். மாரப்பன் மட்டும் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துண்டில் பாக்கை முடிந்துகொண்டு வெயிலில் நடந்து போவார்.

"என்னா மாரப்பா, கிடாயை இந்த வருசமும் எங்க ஊருலயே கட்டிக்கறோம். வேணும்னா ஒங்க ஊருக்கு ஒருநா நடத்திக் கூட்டியாந்து காமிச்சுட்டுப் போவட்டுமா?" என்று கடத்தூரில் ஒருத்தன் கேட்டான். நான் கூடப் போயிருந்தேன்.

"அதுக்கு எதுக்குங்க செரமம்? இந்தத் தடவை அது எங்க வூட்டுக்கே வருது. புல்லு அறுத்து வெச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதே இல்லை, அவர் நிஜமாகவே புல் அறுத்து வைத்திருந்தார். வருடா வருடம் ஆடிக்கு முன்னால் வரப்புப் புல்லை அறுத்துக் கட்டி வைப்பார். தோற்று வந்த மறுநாள் அந்தப் புல்லை யார் வீட்டு ஆடோ தின்னும். செட்டு ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பும்போது, கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்தான் முன்னால் நடப்பார். "போன வருசம் ரெண்டு ஆளு வித்தியாசத்துல தோத்தம். இந்த வருசம் ஒரே ஆளு. கணக்குப் போட்டுப் பாரு, அடுத்த வருசம் என்னா ஆவும்?" என்பார். கணக்கு அப்படித்தான் வரும் என்று அவர் மனதார நம்பினார்.

தீர்த்தன் வளர்ந்து செட்டுக்கு வந்ததும் அவர் நம்பிக்கை இரண்டு மடங்கானது. இடது கோடியில் நின்று பிடிக்கிறவன் தீர்த்தன். அவன் கையில் மாட்டிய கால் வெளியே போகாது. நானே இதைச் சொல்கிறேன் என்றால் அவன் எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தோற்றோம். ஒரு ஆள் பிடித்து என்ன செய்வது, எதிராளி பக்கம் பாடிப்போகிறவர்களுக்கு மூச்சு இல்லை. அப்போது நான் சின்ன செட்டில் இருந்தேன்.

நாற்பதாம் வருடம் தீர்த்தனுக்குக் கல்யாணம் ஆனது. ஏரியூர்ப் பக்கம் ஆண்டி என்பவரின் மகள் சின்னபொண்ணு. கல்யாணம் ஆகி ஆறேழு மாதம்கூட அவர்கள் சேர்ந்திருக்கவில்லை. இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. தர்மபுரியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். தீர்த்தன் போய் மார்பைக் காட்டினான். எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரில் பழக்கி, மறு வருடம் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். சிங்கப்பூர் என்று சொன்னார்கள். நாற்பத்திரண்டு பிறந்து கொஞ்ச நாளில் சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்று கடத்தூர் டீக்கடையில் பத்திரிகை வாசித்தவர் சொன்னார். அதற்கப்புறம் தீர்த்தனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

அந்தச் சித்திரையில்தான் நான் பெரிய செட்டுக்குப் போனேன். தீர்த்தன் நின்ற இடது கோடியில் என்னை நிறுத்தினார்கள். மாரப்பன் மாமா களத்துக்கு வந்து என் தோளைத் தட்டினார். "எம் மவன் எடத்தப் பத்தரமா பாத்துக்கடா வீரா. வந்ததும் கேப்பான்" என்றார்.

நான் நின்று பிடிக்கவும் செய்தேன், பாடிப்போகவும் செய்தேன். அந்த வருடம் நாங்கள் போன ஊரெல்லாம் கெலித்தோம். மற்ற ஊர்களின் நல்ல ஆட்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் தாளப்பள்ளம் கெலித்தது என்று இன்றும் பொறாமையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தீர்த்தனும்தானே போனான்? ஆடிப் பதினெட்டில் கடத்தூரை அவர்கள் ஏரியிலேயே மண்ணில் தேய்த்துவிட்டுக் கிடாயோடு வந்தோம். மாரப்பன் கிடாயின் கயிற்றை யாரிடமும் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர் அறுத்து வைத்த புல்லைக் கிடா தின்றது.

"திரும்பிருச்சு பாத்தியா? எல்லாம் திரும்பிருச்சு. இனி அவனும் வந்துருவான்" என்றார்.

அப்போது அது எங்களுக்குத் தப்பாகப் படவில்லை. கெலித்த வாயில் எல்லோரும் எல்லாம் பேசுவோம்.

நாற்பத்திமூன்றில் பெரிய செட்டும் கெலித்தது, சின்ன செட்டும் கெலித்தது. அந்த வருடம்தான் தானியம் கிடைக்காமல் ஊரே வாடியது. புளியங்கொட்டையை இடித்து மாவாக்கிக் கேழ்வரகோடு கலந்து களி கிண்டினார்கள். வயிறு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மாரப்பன் வீட்டில் உழைப்பதெல்லாம் சின்னபொண்ணு. நிலத்தில் கல் பொறுக்குவாள், பிறத்தியார் காட்டுக்குக் களையெடுக்கப் போவாள். கிடைத்ததைக் கிண்டி மாமனாருக்கு முதலில் வைப்பாள். மாரப்பன் அதில் பாதியை உருட்டி எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாயில் திணிப்பார். "பாடறவனுக்கு மூச்சு வேணும்டா" என்பார். அந்தக் களியைத் தின்ற வாயால்தான் இதைச் சொல்கிறேன்.

நாற்பத்திநான்காம் வருடம் பங்குனியில் சின்னபொண்ணின் அப்பா ஆண்டி வந்தார். ஏரியூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். பெண்ணைக் கேட்டு நஞ்சப்பன் என்று ஒருவன் வந்திருக்கிறான், மனைவியை இழந்தவன், ஒரு கைக்குழந்தை, கிணற்றோடு நிலம் இருக்கிறது, குடிக்கிற பழக்கம் இல்லை என்றார்.

எங்கள் சனத்தில் கட்டிய தாலியைத் தீர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டு மூத்த ஆண், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் ஒரு கேழ்வரகுத் தாளைக் கிள்ளி இரண்டு துண்டாகப் போட வேண்டும். போட்டால் பெண்ணுக்கு விடுதலை, வேறொருவன் தாலி கட்டலாம். போடாமல் பெண்ணைக் கூட்டிப்போனால் அவளுடைய அப்பன் வீட்டுக்கு ஊர்த் தண்ணீர் கிடையாது, அடுப்புக்கு நெருப்புக் கிடையாது, சாவு விழுந்தால் தூக்க ஆள் கிடையாது. ஆக, சின்னபொண்ணு போவதும் இருப்பதும் மாரப்பன் கிள்ளுகிற ஒரு துரும்பில் இருந்தது.

முனியப்பன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ராஜப்பன்தான் அப்போது ஊர்க்கவுண்டர். ஆண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. ஒரு கடுதாசி இல்ல, ஒரு ஆளு வந்து சொல்லல. எம் புள்ளைக்கு இருவத்தி ரெண்டு ஆவுதுங்க. துரும்பக் கிள்ளிக் குடுத்துருங்க, ஒங்க காலுல வேணா வுழறேன்."

"எம் மவன் செத்துட்டான்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார் மாரப்பன்.

"இருக்கறான்னுதான் யாருங்க சொன்னது?"

"செட்டு சொல்லுதுங்க."

ஆண்டிக்கு விளங்கவில்லை. மாரப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அவன் இங்க ஆடறப்ப தோத்துக்கிட்டுக் கெடந்த செட்டுங்க இது. அவன் கப்பலேறிப் போனதுக்கப்புறம் கெலிக்குது. எப்பிடி? அங்க அவன் நல்லாருக்கறான், அந்த பலம் இங்க வருது. இல்லன்னா இந்தப் பசங்களுக்கு ஏதுங்க இவ்வளவு மூச்சு?"

அந்த மூச்சு என் மூச்சு என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. பெரியவர்கள் பேசுகிற இடம் என்று அடக்கிக்கொண்டேன்.

ராஜப்பக் கவுண்டர் சிரித்தபடி கேட்டார். "சரி மாரப்பா. செட்டு தோத்தா?"

"தோத்தா அன்னைக்கு நானே துரும்பக் கிள்ளிப் போடறேன். முனியப்பன் சாட்சி. கெலிக்கிற வரைக்கும் அவ எம் மருமவ. சம்மதமான்னு கேளுங்க."

ஆண்டி முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. "செட்டுன்னா, நம்ம தாளப்பள்ளத்துச் செட்டுங்களா?" என்று கேட்டார். அவர் முன்பு எங்கள் ஆட்டங்களைப் பார்த்தவர். முப்பதுகளில் நாங்கள் வாங்கிய உதை மட்டும்தான் அவருக்குத் தெரியும். கடைசி இரண்டு வருடம் என்ன நடந்தது என்று ஏரியூருக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. "சம்மதங்க, முழுச் சம்மதம்" என்றார். ஆடிவரைக்கும் பொறுத்திருக்கும்படி நஞ்சப்பனிடம் சொல்வதாகவும் சொல்லிவிட்டு நிம்மதியாகக் களி தின்றார். சின்ன செட்டுக்காரன் ஒருவன் வாயைத் திறக்கப்போனான். கவுண்டர் அவனை முறைத்தார். நம் செட்டு கெலிக்கும், ஒத்துக்கொள்ளாதே என்று சம்பந்தக்காரருக்கு நாமே எடுத்துச் சொல்வதா என்று அவருக்கு இருந்திருக்கும். சின்னபொண்ணைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெண்களை அந்த இடத்துக்குக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை.

வைகாசியும் ஆனியும் நாங்கள் கெலித்துக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு ஊரிலும் நான் பாடிப்போய் ஆளை அடித்துவிட்டுத் திரும்பும்போது மாரப்பன் கோட்டோரத்தில் துள்ளுவார். எங்கள் செட்டு மறுபடி கடைசி ஆட்டத்துக்கு வந்தது.

ஆடி பிறந்து சில நாள் கழித்து, நான் களத்துமேட்டில் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தபோது சின்னபொண்ணு வந்தாள். பட்டப்பகல்தான், சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கையில் களைக்கொத்து வைத்திருந்தாள்.

"அண்ணா, ஒன்னு கேப்பேன். செய்வீங்களா?"

"கேளு பொண்ணு."

"இந்த ஆடிக்குத் தோத்துப் போயிருங்க."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு வருசங்க. அப்புறம் நூறு வருசத்துக்குக் கெலிச்சுக்குங்க, நானே கூழு கரைச்சுக் கொண்டாரேன். நீங்க பாடிப் போறப்ப கொஞ்சம் கால் வழுக்கினா போதும். ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. ஆட்டத்துக்கு முன்னாடி முனியப்பனுக்குக் கற்பூரத்த ஏத்தி, அது மேல கையடிச்சு எறங்கறோம் பொண்ணு. ஒம்போது பேரும் அடிக்கறோம். அது என் காலு இல்ல. ஊருக் காலு."

"ஊருக்கு நெறைய காலு இருக்குதுங்கண்ணா. எனக்கு ரெண்டுதான். அதையும் கட்டிப் போட்டுட்டீங்க."

நான் கொடியை உதறினேன். அவள் இன்னும் போகவில்லை.

"அவரு மொகம் எனக்கு இப்ப சரியா நெனப்பு வர்றதில்லீங்க. மீசை நெனப்பு வருது, முதுகு நெனப்பு வருது. மொகம் வர மாட்டேங்குது. மாமா தெனமும் அவரு வருவாருங்கறாரு. ஆரு வருவாருன்னு எனக்கே தெரியல."

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கற்பூரத்தில் கையடித்துவிட்டுக் காலை வழுக்கவிடுகிறவன் நானில்லை. அப்படி இருந்திருந்தால் மூட்டை தூக்கியவன் மில் முதலாளி ஆகியிருக்க மாட்டேன். ஆனால் அவளை அப்படியே விட்டுவிடவும் இல்லை. அன்று சாயங்காலமே மாரப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் புல் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஆட்டம் வேற, அந்தப் புள்ள பொழைப்பு வேற. அது ரெண்டயும் முடிச்சுப் போட்டீங்க பாருங்க, அது தப்பு. துரும்பக் கிள்ளிப் போட்டுருங்க. தீர்த்தன் மச்சான் வந்தா வரட்டும், அப்ப பாத்துக்கலாம்."

"ஏண்டா, ஒனக்கே நம்பிக்க இல்லியா? தோத்துருவீங்களா?"

"தோக்க மாட்டோம் மாமா. அதனாலதான் சொல்றேன்."

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இதத்தான் நான் கேக்கணும்னு இருந்தேன்" என்று என் கன்னத்தைத் தட்டினார். நான் சொன்னதில் அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

ஆடிப் பதினெட்டு அன்று கடத்தூர் ஏரிக்கரை நிறைய சனம். ஆண்டியும் வந்திருந்தார். நஞ்சப்பனையும் கூட்டி வந்திருந்தார். சாது மனிதன், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். தாளப்பள்ளத்துப் பெண்கள் கரைமேல் நின்றார்கள். சின்னபொண்ணு இடுப்பில் கூழ்ப்பானையோடு அவர்களுக்குள் இருந்தாள்.

ஆட்டத்தை நான் முழுதாக எழுதினால் இந்தக் காகிதம் போதாது. பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள் அவுட் ஆகி வெளியே போனார்கள். ஆண்டி நிமிர்ந்து நின்றார். மேலும் இருவர் போனார்கள். கடைசியில் எங்கள் பக்கம் நான் ஒருத்தன், அவர்கள் பக்கம் மூன்று பேர். பாடிப்போனேன். முதல் ஆளைக் கையால் தொட்டேன், இரண்டாமவனைக் காலால். மூன்றாமவன் என் இடுப்பைக் கட்டினான். அவனையும் இழுத்துக்கொண்டு, மூச்சை விடாமல், வயிற்றால் ஊர்ந்து வந்து விரலால் நடுக்கோட்டைத் தொட்டேன். அப்படி ஒரு பாட்டைக் கடத்தூர் ஏரி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

மாரப்பன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "எம் மவன் இருக்கறான்டா, இருக்கறான்டா" என்றார். கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். சின்னபொண்ணு பானையை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நஞ்சப்பன் ஆண்டியிடம் ஏதோ சொல்லிவிட்டு நடந்து போனான். ஆண்டி எங்கள் ஊருக்கு வரவில்லை, கிடாக்கறிக்கும் இருக்கவில்லை.

நஞ்சப்பன் அந்தத் தையிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். குழந்தைக்குத் தாய் வேண்டுமே, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மறு வருடம் ஏரியூர்ப் பக்கம் காலரா வந்தது. ஆண்டியும் அவர் மனைவியும் ஒரே வாரத்தில் போனார்கள். சின்னபொண்ணின் ஒரே அண்ணன் இருந்த நிலத்தை விட்டுவிட்டுக் கோலார் தங்கவயலுக்குப் போனான். அங்கே எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வருடமும் நாங்கள் கெலித்தோம்.

நாற்பத்தாறில் சண்டையிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். பாலக்கோட்டுக்காரர் கோவிந்தன் என்று ஒருவர், தீர்த்தனோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர், விசாரித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். மெலிந்து போய், பல்லெல்லாம் விழுந்து, முப்பது வயதில் கிழவனைப் போல இருந்தார். மாரப்பன் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். நானும் போயிருந்தேன். சின்னபொண்ணு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"காலுல குண்டு பட்டு ஆசுபத்திரில கெடந்தானுங்க. நான் பாத்தப்ப பேச்சு இல்ல. மறுநா அந்தக் கட்டடத்து மேலயே குண்டு வுழுந்துச்சுங்க. சிங்கப்பூரு வுழறதுக்கு ரெண்டு நா முந்தி."

"கட்டடம் இல்லாததத்தான நீங்க பாத்தீங்க? அவனப் பாக்கலியே?"

"பாக்கறதுக்கு ஒன்னும் இல்லீங்கய்யா."

"அப்ப பாக்கல" என்றார் மாரப்பன்.

கோவிந்தன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சிங்கப்பூர் விழுந்தது தை முடிந்த சமயம். நாங்கள் கெலிக்கத் தொடங்கிய வருடத்தின் முதல் பாக்கு போனது அதற்கப்புறம் வந்த சித்திரையில். மாரப்பனுக்கும் இது தெரியாமல் இல்லை. அவர் மோர்ச் சொம்பை வாங்கி வைத்துவிட்டு, பாலக்கோட்டுப் பக்கம் சடுகுடு எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சத்தமில்லாத சண்டை. காலையில் சின்னபொண்ணு கால் மெட்டியைக் கழற்றிச் சுவரில் விளக்கு வைக்கிற பிறையில் வைப்பாள். சாயங்காலம் களி தின்ன உட்காரும்போது அது அவள் வட்டில் பக்கத்தில் இருக்கும். போட்டுக்கொள்வாள். மறுநாள் காலையில் மறுபடி கழற்றுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தீர்த்தனுக்குக் காரியம் செய்யச் சொல்லி ராஜப்பக் கவுண்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "ஆடி கழியட்டும்" என்று மாரப்பன் திருப்பி அனுப்பினார். ஆடி கழிந்தது, நாங்கள் கெலித்துத்தான் வந்தோம்.

நாற்பத்தேழில் நான் களத்தில் இறங்கவில்லை. சொந்தமாகத் தொழில் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக உழைத்துக்கொண்டிருந்தேன். ஆடிப் பதினெட்டு அன்று செக்கு ஒன்று விலைபேசச் சேலத்தில் இருந்தேன். நானில்லாத செட்டு என்ன ஆகும்? தோற்றது. கடத்தூர்க்காரர்கள் பழைய பாக்கிக்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை நான் ஊர் வந்து சேர்ந்தபோது முனியப்பன் கோயில் முன்னால் கூட்டம் நின்றது. மாரப்பன்தான் எல்லோரையும் கூட்டியிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, நெருக்கவும் இல்லை. சொன்ன சொல் என்று தானே வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. செட்டு தோற்று எத்தனையோ முறை அவரைப் பார்த்திருக்கிறேன், அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். சின்னபொண்ணை அழைத்து வரச் செய்தார். கேழ்வரகுத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக் கிள்ளி இரண்டாகப் போட்டார்.

"நீ போலாம் பொண்ணு. என் பேச்ச நான் காப்பாத்திட்டேன்."

"எங்க மாமா போறது?" என்று கேட்டாள்.

மாரப்பன் ராஜப்பக் கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் தொண்டையைச் செருமினார். "இனி மாமான்னு சொல்லக் கூடாதும்மா. துரும்பு வுழுந்துருச்சு. அந்த வூட்டுல ஒல வெக்கறதும் படுக்கறதும் மொறையில்ல" என்றார்.

அப்படித்தான் அது. துரும்பு அவளைப் பிறந்த வீட்டுக்கும் அனுப்பும், புது வீட்டுக்கும் அனுப்பும், பழைய வீட்டில் மட்டும் இருக்க விடாது. பிறந்த வீடும் இல்லை, புது வீடும் இல்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் சனத்தில் முறை வகுக்கவில்லை. மாரப்பன் இதை யோசித்திருக்கவே இல்லை. செட்டு தோற்கும் என்று அவர் நினைத்திருந்தால் அல்லவா தோற்ற மறுநாளை யோசிப்பார்?

ஏரிக்கு மேற்கே தன் நிலத்தில் இருந்த காவல் குடிசையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். நான் மில் வைத்ததும் கடலைக்காய் உடைக்கிற வேலைக்கு அவளை முதல் ஆளாக வைத்துக்கொண்டேன். ஆண்களுக்குக் கொடுத்த கூலியையே கொடுத்தேன், அதை ஊரில் எத்தனை பேர் செய்தார்கள்? மாரப்பன் தனியாகக் களி கிண்டித் தின்றார். அடிபிடித்த வாசம் தெரு வரைக்கும் வரும். அடுத்த சித்திரையில் பாக்கு கொண்டுபோக அவரைக் கூப்பிட்டார்கள். கால் வலிக்கிறது என்றார்.

நாற்பத்தொன்பதில், மாசி மாதம் ஒருநாள் பகலில், நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். கண்டது சின்னபொண்ணு. குடிசையிலிருந்து ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறாள், மூச்சில்லை. ஆட்களைக் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். பெண்கள் வந்து உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அண்ணா என்றும் மாமா என்றும் சித்தப்பா என்றும் அவரவர் முறையைச் சொல்லி அழுதார்கள். சின்னபொண்ணு வேலிக்கு வெளியே நின்றாள். நான் போய் உள்ளே வரச் சொன்னேன்.

"வந்து என்னான்னு சொல்லி அழறதுங்கண்ணா?" என்றாள்.

எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்று என்னைச் சொல்வார்கள். நான் ராஜப்பக் கவுண்டரைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஏரிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள். பிணத்தைக் குளிப்பாட்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் அவளே சுமந்து வந்து, ஒவ்வொரு குடமாக வேலிக்கு வெளியே இறக்கி வைத்தாள். உள்ளே எடுத்துப் போய் ஊற்றியது நாங்கள்.